கண்டம் செய்ய வந்தவன்

பதினோரு மணிக்கு மண்டபத்தில் இறங்கினேன்.
கச்சான் காற்று முதலில் என் கோப்பைத்தான் சோதனை போட்டது.
ஐந்து தாள், ஒரு வண்டி.
இனி ஆகாது என்று எழுதிக் கையெழுத்திட்டால்
சீனி இபுறாகிம் எடைக்கு எடுத்துக்கொள்வார்.
எனக்கு முன்பே வந்து
தராசை நிழலில் சாய்த்து வைத்திருந்தார்.

இரண்டு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை.
உள்ளே அது,
களவா மீனை நேருக்கு நேர் பார்த்ததுபோல:
அகன்ற வாய், குரோமியப் பற்கள்,
பிதுங்கிய உருண்டை விளக்குகள் இரண்டு.
ஏதோ சத்தம் கேட்டுத்
திடுக்கிட்டு அப்படியே நின்றுவிட்ட முகம்.

கதவுகளின் நிலை என்ன, என்கிறது படிவம்.
கதவே வைக்கவில்லை.
கைப்பிடியைத் தேடித் திறக்கும் அந்த ஒரு நொடியை
ஐம்பத்தேழாம் வருடம்
வரைபலகைமேல் குனிந்திருந்த யாரோ
பென்சிலால் கழித்திருக்கிறான்.
அப்படித்தான் எல்லாமே.
மூடியில்லாத பெட்டி, கைக்கெட்டும் கோடரி,
முதுகோடு முதுகொட்டி எட்டுப் பேர்
வெளியே பார்த்து உட்கார நீளப் பலகை,
ஓடி ஏறுகிற கால் வழுக்காமலிருக்க
புள்ளி புள்ளியாய்க் குத்திய படி.
பின்னால் மர ஏணியின் சக்கரம் மட்டும்
ஆளுயரத்துக்கு,
தேவைக்கு மேல் அழகாய்.

அவசரத்துக்கு இவ்வளவு நல்ல உடம்பு வாய்க்குமென்று
எனக்குத் தெரியாது.
பதினேழு வருடமாய் நான் பார்த்ததெல்லாம்
லாரி, பஸ், லாரி.

சிவப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
தென்கடல் பக்கம் வெயில் குடித்து வற்றல் மிளகாய்.
வடகடல் பக்கம் இன்னும் பழம்.
"ரெண்டு கடலுக்கு நடுவுல நின்னா அப்படித்தான் சார்"
என்றார் நம்புராஜன், டிரைவர்.
விடுப்பு நாளில் சீருடை மாட்டி வந்திருந்தார்.

நேரத்துக்குப் போய்ச் சேருமா, என்றேன்.
"ரயில்வே கேட்டு சாத்தியிருக்கும்.
பாதித் தடவை சாம்பலுக்குத்தான் தண்ணி அடிச்சோம்.
ஆனா வந்து நிக்கிறப்ப
லட்சணமா நிக்கும்."

பம்பைத் திறந்தேன்.
பித்தளை பச்சை பூத்து, வால்வுகள் உப்பில் இறுகி,
ஒன்றும் அசையவில்லை.
வயது இப்படித் தின்னாது.

நம்புராஜன் தோணித்துறைப் பக்கம் பார்த்தபடி சொன்னார்:
"டேங்க் வத்திப்போச்சு அன்னைக்கு.
பதினாலு ஓலை வீடு போயிருச்சு.
பதினஞ்சாவது கூரை புகையுது.
கடல் அம்பதடியில கிடக்கு.
உறிஞ்சு குழாயை இறக்கிட்டேன்."

உப்பு நீர் ஏற்றக் கூடாது:
வெள்ளை எழுத்தில், வளைவெல்லாம் திருத்தமாய்,
அவர் இருக்கைக்கு நேர் எதிரே எழுதியிருந்தது.
அதற்கு மேலே ஒரு பல்லி முட்டை.

பதினைந்தாவது வீடு?
"இருக்கு."

பழுதுக்குக் காரணம்.
படிவம் இரண்டே கட்டம் தருகிறது:
இயல்பான தேய்மானம்.
பணியாளர் கவனக்குறைவு.
இரண்டாவது என்றால் பம்பின் விலை
அவர் ஓய்வூதியத்தில் கழியும்.

தாளை முழங்கையால் அழுத்திக்கொண்டு
முதல் கட்டத்தில் குறியிட்டேன்.
அரசாங்கத்திடம் நான் சொல்லும் முதல் பொய் இல்லை.
இவ்வளவு நிதானமாய்ச் சொன்னது
இதுதான் முதல்.

அதற்குள் சீனி இபுறாகிம்
முன்பக்கத்து மணியை என்ன உலோகம் என்று பார்க்க
தராசுக் கல்லால் ஒரு தட்டுத் தட்டினார்.
ஒரே ஒரு தட்டு.
காக்கைகள் கூட எழவில்லை.

சாலைக்கு அப்பால்
சாளைக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்
சட்டென்று நிமிர்ந்தாள்.
கையில் மீன் அப்படியே இருக்க,
எங்களைப் பார்க்காமல்
திரும்பித் தன் கூரையைப் பார்த்தாள்.
ஓலை ஓலையாய்ப் பார்த்தாள்.

"வெண்கலம்" என்றார்
சீனி இபுறாகிம்.